உன் தங்கச்சி பேர் என்ன?

அண்ணே,

இன்று மத்தியானம் தொழிற்சாலையின் வாகன நிறுத்துமிடத்தில் சாப்பாட்டுப் பையை எடுக்கக் காரின் பின்கதவைத் திறந்தேன். உன் மகள் யாழினியின் விளையாட்டுப் பை அங்கேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் விட்டுவிட்டுப் போனது. வெயிலில் மூடிக் கிடந்த காருக்குள்ளிருந்து தைலமும், ஈரம் காயாத காலுறையும், மிதிபட்ட புல்லும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. லயத்து வீட்டில் நீ ஆடிவிட்டு வந்து படுத்திருக்கும் அறையின் வாடை அது. ஒரு நொடியாவது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சாப்பாட்டை எடுக்காமலே கதவை மூடிவிட்டேன்.

நீ போனபிறகு உனக்கு நான் எதுவும் எழுதியதில்லை. போனவர்கள் படிப்பார்கள் என்று நம்புகிறவள் இல்லை நான். கோயிலுக்கு வந்தாலும் செருப்புக்குக் காவல் நிற்கத்தான் வருகிறேன் என்று நீயே கிண்டல் செய்வாய். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வேறு யாரிடம் சொல்வது? உன் மகளுக்கு என்மேல் கோபம். அண்ணிக்கு யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. செல்லையா அண்ணன் அன்றிலிருந்து யாரிடமும் பேசவில்லையாம்.

என் பெயரைக் கேட்கும் அந்தக் கேள்வி எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? இது கேட்கக்கூடாத கேள்வி, தெரியும். எனக்கு நினைவிருக்கிறது.

நம் தோட்டத்துத் திடலில் பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். எனக்குப் பதினொரு வயது இருக்கும். நீ பின்வரிசையில் நடுவில் நிற்பாய். உயரமாக வரும் பந்தெல்லாம் உன் நெற்றிக்குத்தான் என்பது எழுதாத சட்டம். அன்றைக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவனும் நீயும் ஒரே பந்துக்கு எம்பினீர்கள். இரண்டு தேங்காய்களை ஒன்றோடொன்று மோதியதுபோல் சத்தம் கேட்டது. அவன் எழுந்துவிட்டான். நீ எழவில்லை.

செல்லையா அண்ணன் வாளியும் துண்டுமாக ஓடினார். தோட்டத்து லோரி ஓட்டுநர். ஆட்டம் இருக்கிற நாளில் அவர்தான் நமக்கு வைத்தியர். உன் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுக் குனிந்தார். நான் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"டேய், என்னைத் தெரியுதா?"

"தெரியுது."

"சும்மா சொல்லாத. உன் தங்கச்சி பேர் என்ன?"

நீ வானத்தைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தாய்.

"கோமளா."

"ஆங். எந்திரி."

திடலே கைதட்டியது. "பேரு சரிதானான்னு தங்கச்சியையே கேளுங்கலா!" என்று யாரோ கத்த, எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. "சரிதான்," என்றேன். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே உன் இடத்துக்குப் போனாய்.

வீட்டில் நீ ஒருநாளும் என்னைக் கோமளா என்று கூப்பிட்டதில்லை. நான் உனக்குப் பாப்பாதான். எனக்கு வேலை கிடைத்த பிறகும், தலை நரைத்த பிறகும். கோமளா என்பது திடலில் விழுந்தால் சொல்வதற்காக நீ வைத்துக்கொண்ட பெயர்.

பிறகு அது வழக்கமாகவே ஆகிவிட்டது. நீ தொழில்முறைக் குழுவில் சேர்ந்தபோது இந்தக் கதையையும் கூடவே கொண்டுபோனாய். அங்கே தசை பிடித்துவிடும் மலாய்க்காரப் பெரியவர் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தமிழில் கற்றுக்கொண்டார் என்று சொல்வாய். "தங்காச்சி பேர் என்னா?" என்று அவர் இழுப்பதை நீ நடித்துக் காட்டும்போது அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ரசிகர்கள் உனக்குத் தெம்போக் என்று பெயர் வைத்தார்கள். சுவர். கோல் போடுகிறவர்களைத்தான் ஊர் தூக்கிக் கொண்டாடும். கோல் விழாமல் தடுக்கிற ஒருவனை இவ்வளவு பேர் நேசித்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒருமுறை சுங்கை பஞ்சாங்கில் உன் மோட்டார் சைக்கிள் டயர் பஞ்சராகி நின்றாய். வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உன்னை அடையாளம் கண்டு ஓடிவந்தார்கள். ஒருவர் டயரைக் கழற்ற, ஒருவர் இளநீர் வெட்ட, ஒரு மலாய்ப் பாட்டி உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இது இரும்பா சதையா என்று கேட்டாளாம். "சதைதான் மாக் சிக், அதான் வலிக்குது," என்றாயாம். அதையும் சிரிப்பாகத்தான் சொன்னாய்.

தோட்டத்து மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்து தொலைக்காட்சியில் உன் ஆட்டம் பார்ப்போம். நீ விழுந்தால் யாரும் திரையைப் பார்க்க மாட்டார்கள். என்னைப் பார்ப்பார்கள். அந்தச் சில நொடிகள் எப்படி இருந்தன என்று நீ இருந்தபோது உன்னிடம் சொன்னதில்லை. மனதுக்குள் என் பெயரையே உனக்கு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருப்பேன். நீ எழுந்ததும், "கோமளான்னு சொல்லிட்டான்லா!" என்று கூச்சல் வெடிக்கும். யாராவது என் கையில் ஒரு மிட்டாயைத் திணிப்பார்கள். அதைத் தின்னாமல் கைக்குள்ளேயே வைத்திருப்பேன்.

அப்புறம் அந்த இறுதியாட்டம். இன்றைக்கும் உன் படத்தைப் போடுகிறவர்கள் அதைத்தான் போடுகிறார்கள். முதல் பாதியில் மோதி விழுந்தாய். பெரியவர் வந்தார், கேட்டார், எழுந்தாய். தலையில் வெள்ளைக் கட்டோடு திரும்பி வந்து, ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் மூலையிலிருந்து வந்த பந்தை அதே தலையால் வலைக்குள் அனுப்பினாய். நான் பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டில் இருந்தேன். மறுநாள் செல்லையா அண்ணன் லோரியில் உன்னை ஏற்றித் தோட்டத்துச் செம்மண் சாலையில் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள். பால்மரக் காட்டுக்குள் வேலைக்குப் போனவர்கள்கூடத் தலைத்துணியோடு ஓடிவந்து நின்றார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் நீ தனியாக உட்கார்ந்திருந்தாய். வந்தவர்கள் எல்லாம் போயிருந்தார்கள்.

"அந்தப் பந்து வர்றப்ப என்ன நெனச்சண்ணே?" என்று கேட்டேன்.

நீ சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாய்.

"கோல் போட்டதா? நானும் டிவியிலதான் பாத்தேன் பாப்பா."

"புரியல."

"அடிபட்டதுக்கப்புறம் ஒன்னும் ஞாபகத்துல இல்ல. ஆட்டம் முடிஞ்சு பஸ்ல ஏறினது ஞாபகம் இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாத, என்னா?"

என் பயம் அன்றைக்குத்தான் தொடங்கியது, அண்ணே. ஊரே உன்னைத் தூக்கிக் கொண்டாடிய அந்தக் கோலின்போது நீ அங்கே இல்லை. ஆனால் என் பெயரைச் சொன்னாய். எழுந்தாய். ஆடினாய்.

ஆட்டத்திலிருந்து விலகிப் பல வருடம் நன்றாகத்தான் இருந்தாய். கல்யாணம் செய்துகொண்டாய், யாழினி பிறந்தாள், குவாலா சிலாங்கூரில் வீடு வாங்கினாய், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தாய். எங்கே கல்யாண வீட்டுக்குப் போனாலும் பிள்ளைகள் உன்னை நோக்கிப் பந்தோ பலூனோ எதையாவது எறிவார்கள். வேட்டி சட்டையோடு நின்ற இடத்திலேயே முட்டி அனுப்புவாய். எல்லோரும் ரசிப்பார்கள். நான் மட்டும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு கல்யாண வீடுகளில் நீ ஆட்களின் பெயரைச் சொல்லாமல் சிரித்து மட்டும் வைக்க ஆரம்பித்தாய். "பெரிய ஆளாயிட்டாருலா, நம்ம பேரெல்லாம் ஏன் ஞாபகம் இருக்கப்போவுது," என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அப்புறம் அந்தச் சனிக்கிழமை. செரண்டா ரயில் நிலையத்திலிருந்து என்னை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாய். காத்திருந்து காத்திருந்து அழைத்தேன்.

"எங்கண்ணே இருக்க?"

"கிரவுண்டு வாசல்ல பாப்பா. கேட்டு பூட்டியிருக்கு. இன்னும் ஒருத்தனும் வரல."

நீ ஆடிக்கொண்டிருந்த காலத்துப் பழைய விளையாட்டரங்கத்துக்குப் போயிருந்தாய். யாரும் வரவில்லை என்று உனக்குக் கோபம். நிலையத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பையன், "ஆன்ட்டி, ஓக்கேவா?" என்று கேட்டான்.

மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் ஒப்பவில்லை. அவர்களிடம் ஒரு சோதனை இருந்தது. அம்மா கேட்பார், அண்ணி கேட்பாள், செல்லையா அண்ணன் வந்து கேட்பார். "உன் தங்கச்சி பேர் என்ன?" நீ கேள்வி முடிவதற்குள் சொல்வாய். "பாத்தியா? மூளை கணக்கா இருக்கு. நீதான் படிச்சுப் படிச்சு எல்லாத்துக்கும் பயப்படுற," என்று அம்மா என்னைத்தான் திட்டினார். ஒரே கேள்வியை ஆயுளெல்லாம் கேட்டால் அது சோதனை ஆகாது என்று தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற நான் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. அந்தப் பதில் எத்தனையோ முறை உன்னை எழுப்பி நிறுத்தியதைக் கண்ணால் பார்த்தவர்கள். எதை நம்புவார்கள்?

கடைசியில் போனபோது டாக்டர் நேர்மையாகப் பேசினார். தலையில் வாங்கிய அடிகள் காரணமா, ரத்த அழுத்தமா, பிறவியில் வந்ததா, அடித்துச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை நான் மதிக்கிறேன். நிரூபணம் இல்லாமல் நானும் எதையும் சொல்கிறவள் இல்லை. ஆனால் பயம் நிரூபணத்துக்காகக் காத்திருப்பதில்லை.

உன் கடைசி மாதங்களில் ஒரு நாளை மட்டும் எழுதிவிடுகிறேன். வாசல் பக்கம் நாற்காலியில் உன்னை உட்காரவைத்திருந்தார்கள். நான் முன்னால் மண்டியிட்டு, "அண்ணே, நா யாரு?" என்றேன். நீ என்னை மரியாதையாகப் பார்த்தாய். "டாக்டருங்களா?" என்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செல்லையா அண்ணனுக்குத் தாங்கவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று குனிந்து கேட்டார்.

"டேய், உன் தங்கச்சி பேர் என்ன?"

"கோமளா," என்றாய் உடனே. சத்தமாக. இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றி எழப் பார்த்தாய். கால் ஒத்துழைக்கவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்து, "எந்திரிக்கலாம்தானே?" என்று கேட்டாய்.

உனக்கு என் பெயர் தெரிந்தது, அண்ணே. அது யாருடைய பெயர் என்றுதான் தெரியவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தோட்டம் பாதி வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. திடல் மட்டும் தப்பியிருக்கிறது. வருடாவருடம் அங்கே உன் பெயரில் ஆட்டம் நடத்துகிறார்கள். கம்போங் குவாந்தானில் படகு ஓட்டும் உன் பழைய கூட்டாளிகள், சுங்கை பஞ்சாங் ஆட்கள், தொப்பை போட்டுவிட்ட உன் ரசிகர்கள் எல்லோரும் வருகிறார்கள். கொடிக்கம்பத்தில் நீ தலையில் கட்டோடு நிற்கும் படம் பெரிதாகத் தொங்குகிறது. எல்லோரும் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதைப் பார்ப்பதில்லை.

யாழினிக்குப் பதினேழு வயது. உன் ஐந்தாம் எண், உன் இடம், உன் உயரம். ஞாயிற்றுக்கிழமை சுங்கை பஞ்சாங் பெண்கள் அணியோடு ஆட்டம். தலைநகரில் பெண்களுக்கான பெரிய குழு ஒன்றின் பயிற்றுநர் அவளைப் பார்ப்பதற்காகவே வந்திருந்தார். பிடித்துவிட்டால் எடுத்துக்கொள்வார்கள். அவள் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று அண்ணி சொன்னாள். நானும் தூங்கவில்லை. காரணம் வேறு.

முதல் பாதியில் யாழினி தலையால் ஒரு கோல் போட்டாள். அந்தச் சத்தத்துக்கே நான் கண்ணை மூடிக்கொண்டேன். கைதட்டல் கேட்டுத்தான் திறந்தேன். இரண்டாம் பாதியில் உயரமாக ஒரு பந்து வந்தது. அவளும் எதிரணிப் பெண் ஒருத்தியும் எம்பினார்கள். இந்த முறை கண்ணை மூட மறந்துவிட்டேன். அதே தேங்காய்ச் சத்தம்.

அந்தப் பெண் எழுந்தாள். இவள் எழவில்லை.

செல்லையா அண்ணனுக்கு இப்போது முட்டி வலி. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டித்தான் ஓடினார். திடல் அடங்கிப்போயிருந்தது. பிறகு உன் கூட்டாளிகள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அத்தை பேரு கேளுங்கலா!" சிலர் சிரித்தார்கள். அவர் குனிந்தார்.

"தாயி, உன் அத்தை பேர் என்னம்மா?"

"கோமளா."

கைதட்டல். விசில். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பழைய தலைகள், இப்போது வழுக்கையோடு. அதே சிரிப்பு. யாழினி புல்லில் கையூன்றி எழுந்துகொண்டிருந்தாள்.

நான் கோட்டைத் தாண்டி நடந்தேன். வாழ்நாளில் முதல்முறை. செருப்புக்குள் சேறு ஏறியது. நடுவர், "தாக் பொலே, காகாக்," உள்ளே வரக்கூடாது என்று தடுத்தார். நான் நிற்கவில்லை.

"அத்தை, என்ன இது, வெளிய போங்க."

"போறேன். ஸ்கோர் என்ன, சொல்லு."

"அத்தை, ப்ளீஸ், கோச் பாக்கறாங்க."

"ஸ்கோர் சொல்லிடு, போயிடறேன்."

அவள் கோல் கம்பத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உன் கண்கள்தான். ரயில் நிலையத்தில் உன் குரலைக் கேட்டபோது நான் கற்பனை செய்துகொண்ட அதே கண்கள்.

"சைபர்-சைபர். இப்பத்தானே அத்தை ஆரம்பிச்சோம்?"

அவள் கையைப் பிடித்தேன். உதறினாள். விடவில்லை. ஓரத்திலிருந்து குரல்கள் வந்தன. "அட, பேரு சொல்லிடுச்சில்ல, விடுங்கலா!" "யாருய்யா அந்தம்மா?" "அதான்லா கோமளா." "சரியாப் போச்சு, கோமளாவே ரெட் கார்டு குடுக்குது!" செல்லையா அண்ணன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தார். கோட்டைத் தாண்டும்போது அவள் என்னிடம், "அப்பா எந்திரிச்சு ஆடினாரு," என்றாள். அழுதுகொண்டே. "அப்பா எந்திரிச்சுதான் ஆடினாரு!"

ஆமாம் என்றேன்.

மருத்துவமனையில் அண்ணி அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். பை என் காரிலேயே தங்கிவிட்டது. செல்லையா அண்ணன் காரை விட்டு இறங்கவில்லை. முன்னிருக்கையில் தைலப் புட்டியைக் கையில் உருட்டியபடி, "நாந்தானம்மா கேட்டுக் கேட்டு அவன எழுப்பிவிட்டேன்," என்றார். அந்தக் கேள்வியைவிட நல்லது எதுவும் அப்போது யாரிடமும் இல்லை என்று சொன்னேன். உண்மைதான். அவருக்குப் போதவில்லை.

மூளை அதிர்வு என்றார் டாக்டர். ஓய்வு வேண்டும், மறுபடி பார்த்துச் சொல்லும்வரை பந்துப் பக்கம் போகக்கூடாது. அந்தப் பயிற்றுநர், பிறகு பேசுகிறோம் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். இன்னும் அழைக்கவில்லை. அழைப்பாரா என்று தெரியாது. அழைத்தால் என்ன செய்வது என்றும் தெரியாது. "நீ செஞ்சது சரிதான் கோமளா. ஆனா அவ மொகத்தப் பாக்க முடியல," என்றாள் அண்ணி. நான் அவளிடமிருந்து பிடுங்கியது ஒரு ஆட்டத்தையா, உனக்குக் கிடைத்த அந்த வாழ்க்கை முழுவதையுமா? நீ இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பாய்? சுங்கை பஞ்சாங்கில் இளநீர் குடித்தவனைக் கேட்டால் ஒரு பதில். பூட்டிய கேட்டின்முன் நின்றவனைக் கேட்டால் இன்னொன்று. எனக்கு இருவரையும் தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

சற்று முன், வேலை முடிகிற நேரத்தில், யாழினி அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான்.

"என் பை உங்க கார்ல இருக்கா?" அத்தை என்ற சொல் இல்லை.

"இருக்கு. நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"என்ன?"

"சொல்லு."

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு தொழிற்சாலைச் சுவரில் சாய்ந்து நின்றேன். லோரி ஒன்று பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மனதுக்குள் எடுத்துக்கொடுக்க இந்த முறை எனக்கே பதில் தெரியாது.

"நண்டு. அம்மா வச்ச நண்டு, கத்திரிக்கா. போதுமா? தெனம் இப்படித்தான் கேப்பீங்களா?"

"தெனம் கேப்பேன். தெனம் வேற கேள்வி."

"பைத்தியம் அத்தை நீங்க," என்று வைத்துவிட்டாள். கடைசியில் அத்தை வந்துவிட்டது.

என் பெயரைச் சொல்லி இனி யாரும் திடலில் எழுந்திருக்க வேண்டாம், அண்ணே. அதை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இன்னொரு பெயர். நீ மட்டும் கூப்பிட்டது, இப்போது யாரும் கூப்பிடாதது. நாளைக்கு யாழினியிடம் அதைத்தான் கேட்கப்போகிறேன்: உங்க அப்பா என்னை எப்படிக் கூப்பிடுவாரு?

அவள் சொல்லி முடிக்கும்வரை மூச்சு விடமாட்டேன்.